பிடிக்காத நாயகி

அழகில்லாதவள் என்று பெயரெடுத்த பெண்ணுக்குத் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலமாக ஒரு நிபந்தனை விதித்து வந்திருக்கிறது. அவள் நல்லவளாக இருந்தே தீரவேண்டும் என்பதே அது.

ஏ.சி. திருலோகசந்தரின் 'நானும் ஒரு பெண்' (1963) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விஜயகுமாரி ஏற்ற கல்யாணி கறுப்பு நிறத்தவள். அந்த நிறத்தையே வெறுக்கும் மாமனாரின் மனத்தைப் பொறுமையாலும் பணிவிடையாலும் வெல்கிறாள். நிறவெறுப்பைக் கண்டித்த அப்படம் தேசிய விருதும் பெற்றது. அக்காலத்துக்கு அது துணிச்சலான முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிறத்தில் குறைந்ததைக் குணத்தால் ஈடுசெய் என்பதே அதன் கணக்கு. கல்யாணி சற்று முன்கோபியாகவோ பொறாமைக்காரியாகவோ இருந்திருந்தால்? 52 ஆண்டுகள் கழித்து வந்த 'இஞ்சி இடுப்பழகி'யில் பருமனான நாயகி உடல்மெலிவு நிலையமொன்றுக்கு எதிராகப் போராட்டம் நடத்துகிறாள். நம் அனுதாபத்தைப் பெற அவளுக்கும் ஒரு பொதுத்தொண்டு தேவைப்பட்டது.

2025 செப்டெம்பரில் திரைக்கு வந்த வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' இந்தக் கணக்கை ஏற்க மறுக்கிறது. அஞ்சலி சிவராமன் நடித்த ரம்யாவைப் பள்ளிப் பருவத்திலிருந்து முப்பதுகளின் வாசல்வரை தொடர்கிறோம். பார்ப்பவர் கண்ணுக்கு அவள் அழகிதான். ஆனால் தன்னை ஒருவன் விரும்பினால்தான் தனக்கு மதிப்பு என்று நம்புகிறாள். தாழ்வுணர்ச்சிக்கும் கண்ணாடிக்கும் தொடர்பில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவள் பொய் சொல்கிறாள்; தாயிடம் சீறுகிறாள்; உறவுகளைக் குலைத்துக்கொள்கிறாள். அதற்காகப் படம் நம்மிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

"இப்படிப்பட்டவளை எப்படி நேசிப்பது?" என்று கேட்கிறார்கள். பேராதனையில் இருப்பவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. இங்குள்ள திறந்தவெளி அரங்கு யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திர 1956 இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். மூலமான ஜாதகக் கதையில் வரும் பெண் வெறும் துரோகி. சரத்சந்திர அவளை உத்தமியாக்கவில்லை. தனித்து நின்று போரிட்ட வேடனைக் கொல்லவேண்டாம் என்று அவளைக் கேட்கவைத்தார், அவ்வளவுதான். அவள் குற்றவாளியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பிடித்த பாத்திரமாக இருந்திருந்தால் அவளை எப்போதோ மறந்திருப்போம்.

இது வெறும் திரைப்பட விவகாரமன்று. நம் பல்கலைக்கழகங்களில் பகிடிவதையின் பெயரால் புதுமுக மாணவிகள் என்ன உடுக்கவேண்டும், தலையை எப்படிப் பின்னவேண்டும் என்பதையெல்லாம் மூத்தவர்கள் விதிப்பது எல்லோரும் அறிந்த வழக்கம். அதைத் தடைசெய்யும் சட்டம் 1998 இலேயே வந்தது. வழக்கம் முற்றாக ஒழியவில்லை. தோட்டத்து லயத்திலிருந்தோ வன்னிக் கிராமத்திலிருந்தோ வந்து சேரும் பிள்ளை, தன் தோற்றம் பிறருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதையே முதற்பாடமாகக் கற்கிறாள். தலைகுனிந்து அழுதால் "பாவம், நல்ல பிள்ளை" என்கிறோம். எதிர்த்துப் பேசினால், எரிந்து விழுந்தால், "திமிர் பிடித்தவள்" என்று ஒதுக்குகிறோம். இருவருக்குள்ளும் இருப்பது ஒரே அச்சம். நம் இரக்கம் மட்டும் ஒருத்திக்கே கிடைக்கிறது.

ரம்யாவை நேசிக்குமாறு நான் எவரையும் வற்புறுத்தவில்லை. நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டுமே காதுகொடுப்போம் என்றால், உதவி மிகவும் வேண்டியிருக்கும் பிள்ளைகளே நம்மிடம் வாய்திறக்கமாட்டார்கள். பெற்றோரும் விரிவுரையாளர்களும் இப்படத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.