காஸ்டிக் சோடா மலிவுதானா?

வீட்டில் பயோடீசல் தயாரிக்கக் காஸ்டிக் சோடாவே போதும், அதுவே மலிவு என்னும் வாதம் விலைச்சீட்டோடு நின்றுவிடுகிறது. புதிய எண்ணெய் லிட்டருக்கு வினையூக்கியாகச் சோடா ஏறத்தாழ 3.5 கிராம், அதற்கு மாற்றான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அதைப்போல் 1.4 மடங்கு வேண்டும், தூய்மை குறைந்தால் இன்னும் கூடும். கணக்கு சரி. ஆனால் எண்ணெயோடு சேர்க்கும் மெத்தனாலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விரைவாகக் கரையும். சோடாவை நெடுநேரம் கலக்க வேண்டும். மெத்தனால் ஆவியோ நச்சு, எளிதில் தீப்பற்றுவது. அந்த ஆவியருகே கழியும் கூடுதல் நேரத்துக்கு விலை போட்டவர் யார்? சோடாவால் பிரியும் கிளிசரின் ஆறியதும் பெரும்பாலும் கட்டிப்பட்டு வடிகுழாயை அடைக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பெரும்பாலும் திரவமாகவே வடியும். பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் மிகுதி என்பதால், அமில அளவைத் தரம்பார்த்துக் கூடுதல் காரம் சேர்ப்பது இரண்டுக்கும் பொது. எண்ணெயில் நீர் நின்றால் எதைப் போட்டாலும் சோப்புதான்.