அந்த ஸ்கேன் ஃபைலைப் பீரோவில் வைத்துவிடாதீர்கள்



ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில், 'கல்லீரலுக்குக் கீழே நீர்க்கட்டி' என்று ஒரு வரி இருந்துவிட்டால் அன்றிரவு யாருக்குத் தூக்கம் வரும்? பப்பாளி தின்றாயா, கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கர்ப்பிணியைக் குடையவும் ஆரம்பித்துவிடுவார்கள்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவள் சாப்பிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த நீர்க்கட்டி இதுவாக இருக்கலாம்: பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய் பிறவியிலேயே பலூன் போல் வீங்கியிருப்பதை டாக்டர்கள் 'கோலிடோக்கல் சிஸ்ட்' என்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் மேலை நாடுகளைவிட ஆசியாவில் அதிகம், பெண் குழந்தைகளிடம் இன்னும் அதிகம். அப்படியே விட்டால் கல், கிருமித்தொற்று, பிற்காலத்தில் புற்றுநோய்கூட வரலாம். பிறந்தபின் ஆபரேஷனில் கட்டியை அகற்றி, பித்தம் வழிய குடலோடு புதுப்பாதை அமைத்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள்.

என் கவலை பிரசவத்துக்குப் பிறகுதான். குழந்தை கொழுகொழுவென்று பால் குடிக்கிறது. ஸ்கேன் ஃபைல் பீரோவுக்குள் போய்விடுகிறது. ஆனால் ஸ்கேனில் இதே மாதிரி கட்டியாகத் தெரியக்கூடிய வேறொரு நோய் உண்டு: பித்தக்குழாய் அடைப்பு. குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது பல நேரம் முடியாது. அடைப்பாக இருந்தால் காத்திருக்க நேரமில்லை. ஜப்பானிய டாக்டர் மோரியோ கசாய் கண்டுபிடித்த ஆபரேஷனை முதல் 60 நாட்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். தாமதித்தால் கல்லீரல் சுருங்கிக்கொண்டே போகும்.

அந்த 60 நாட்களில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? 'மஞ்சள்தானே, காலை வெயிலில் காட்டு, போயிடும்!'

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தட்டுவது சகஜம்தான். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், மலம் வெளிறி சுண்ணாம்பு நிறத்தில் போனால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படிந்தால், வெயில் உதவாது. அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தைவானில் 2004 முதல் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க அம்மாக்களுக்கு ஒரு வண்ண அட்டையே கொடுக்கிறார்கள். துணியை அலசும்போதே நிறத்தைக் கவனித்துவிடுவார்கள் நம் பாட்டிமார். டயப்பரைச் சுருட்டி எறியும் முன் நாமும் ஒரு பார்வை பார்க்கலாமே?

ஸ்கேனில் கட்டி என்று எழுதியிருந்தால், மஞ்சள் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பிரசவ ஆஸ்பத்திரியிலேயே குழந்தை டாக்டரிடம் அந்த ஃபைலைக் காட்டுங்கள். குழந்தைக்கு எப்போது ஸ்கேன், பித்தம் தேங்குவதைக் காட்டும் 'டைரக்ட் பிலிருபின்' ரத்தப் பரிசோதனை எப்போது, குழந்தைகளுக்கான எந்த அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்ப்பது என்று கேட்டு, தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்