குழந்தை வார்டில் பொம்மை

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி வட்டாரத்தில் பட்டாசு வெடித்து மனிதர் மாண்டனர் என்ற செய்தி நமக்குப் புதிதன்று. 2023-ஆம் வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி ரெங்கபாளையத்தில் நேர்ந்த விபத்தில் பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாண்டவர் தொகை பத்திரிகைகளில் வந்துவிடுகிறது. தீப்புண்ணுடன் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பற்றிய பேச்சோ இரண்டாம் நாளே ஓய்ந்துவிடுகிறது. அவர்களுள் குழந்தைகளும் உண்டு. 1996-இல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்புக்குப் பின் ஆலைகளில் குழந்தைகளை வேலை வாங்குவது வெகுவாகக் குறைந்தது மெய்யே. ஆனால் வெடிக்காத வெடியைப் பொறுக்கி ஊதிப் பார்க்கும் சிறுவனையும், கொதிக்கும் உலையைக் கவிழ்த்துக்கொள்ளும் சிறுமியையும் எந்தத் தீர்ப்பு காக்கும்?

தீப்புண்ணின் கொடுமை தீயோடு முடிவதில்லை. பழைய கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, மறுகட்டுப் போடும் வேளைதான் குழந்தைக்குப் பெரிய சித்திரவதை. மருந்து வண்டியின் சக்கர ஓசை கேட்ட மாத்திரத்தில் அது அலறத் தொடங்குகிறது. நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறார்கள். காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை மடக்கிவிடும் என்பதால், வலித்தாலும் கையை அசைக்கச் சொல்கிறார் வைத்தியர். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த நியாயம் எப்படி விளங்கும்?

இங்கேதான் பொம்மைக்கு வேலை இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொம்மையைச் சொல்லவில்லை. குழந்தை தன் கையால் செய்யும் பொம்மையைச் சொல்லுகிறோம். தீப்பெட்டிக்கும் அச்சுக் காகிதத்துக்கும் சிவகாசியில் பஞ்சமா? குச்சி அடைக்காத புதுப் பெட்டி ஒன்று விரலில் மாட்டினால் தலையாகும். வர்ணக் காகிதம் சட்டையாகும். அந்தப் பொம்மைக்குக் கையில் புண் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை அதைக் கழுவுகிறது, மருந்து தடவுகிறது, கட்டுப் போடுகிறது, ‘அழாதே’ என்று அதட்டவும் செய்கிறது. அதுவரை பிறர் செய்ததையெல்லாம் பட்டுக்கொண்டிருந்த குழந்தை இப்போது வைத்தியராகிவிட்டது. அடுத்து தன் முறை வரும்போது என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியும். பொம்மையை ஆட்ட விரலை அசைக்கிறதே, அதுவும் சிகிச்சைதான். தீப்புண் வார்டில் கிருமி பரவாமல் காப்பது அவசியம். ஆகையால் ஒரு குழந்தையின் பொம்மையை மற்றொன்றுக்குக் கொடுக்கலாகாது. காகிதப் பொம்மையாதலால் கழித்துவிடுவதும் சுலபம்.

இது வெறும் கற்பனை என்று எண்ண வேண்டாம். இருதய நாளத்தில் குழல் செலுத்திச் சோதிக்கப்படவிருந்த குழந்தைகளுக்கு, அந்தச் சோதனையை முன்கூட்டியே பொம்மைகளைக் கொண்டு நடித்துக் காட்டினார் அமெரிக்காவில் ஸில்வியா காஸல் என்ற அம்மையார். சோதனையின்போது அக்குழந்தைகளின் கலக்கம் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக இருந்ததை 1965-இல் அவர் எழுதி வெளியிட்டார். நம் சென்னையிலும் எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ‘லிட்டில் தியேட்டர்’ நாடக சபையார் கோமாளி வேஷத்துடன் சென்று நோயாளிக் குழந்தைகளைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் குழந்தையைத் தாய் தடையின்றிப் பார்க்கலாம் என்று சொல்ல இங்கிலாந்தில் 1959-இல் பிளாட் கமிட்டி அறிக்கை வேண்டியிருந்தது. நம் தாய்மாரோ கமிட்டியைக் கேளாமலே கட்டிலடியில் பாய் விரித்துவிட்டார்கள்! அந்தத் தாயின் கையிலும் ஒரு கத்தரியும் காகிதமும் கொடுத்தால் போதும்.

கற்றுக்கொடுக்க ஆள் தேடி அந்நிய தேசம் போகவேண்டியதில்லை. ஆட்டுத்தோலில் பாவை வெட்டி, வர்ணம் தீட்டி, விளக்கொளியில் இராமகதை ஆட்டிவந்த தோற்பாவைக் கூத்துக் குடும்பங்கள் தென் ஜில்லாக்களில் இன்னும் இருக்கின்றன; பார்ப்பவர்தாம் குறைந்துவிட்டனர். அவர்களுடைய உளுவத்தலையன் மேடைக்கு வந்தால் சிரிக்காத குழந்தை எது? அவர்களைத் தர்மத்துக்கு அழைக்கக் கூடாது. கூலி கொடுத்து அழைக்கவேண்டும்.

‘மருந்துக்கே பணமில்லை, பொம்மைக்கு ஏது?’ என்று கேட்கும் கனவான்கள் இருப்பார்கள். வலிக்குரிய மருந்தைக் குறைத்துப் பொம்மையைக் கொடுக்கச் சொல்லும் மூடர் அல்லோம் நாம். ஆலைச் சொந்தக்காரர்கள் பாதுகாப்பு விதிகளை மீறிவிட்டு, வார்டுக்கு நாலு பொம்மை அனுப்பிப் பெயர் வாங்குவதற்கும் நாம் இடம் கொடோம். விபத்தைத் தடுப்பது அவர்கள் கடமை. அந்தக் கடன் தனி. ஆனால் அமுக்கிப் பிடிக்க நாலு பேரைத் தேடும் ஆஸ்பத்திரி, அமுக்காமல் கட்டுப் போட வழி சொல்லும் ஒருவரை ஏன் நியமிக்கலாகாது?

சிவகாசி அரசு ஆஸ்பத்திரியிலும், 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இதற்கென்று ஓர் அறையும், பயிற்சி பெற்ற ஓர் ஊழியரும் வேண்டும். காகிதம் தருவதாக அச்சகத்தாரும், பெட்டி தருவதாகத் தீப்பெட்டிக்காரரும் முன்வரட்டும். எம். புதுப்பட்டி வாலிபர்கள் முறைவைத்துப் போய்வரலாம். தீபாவளிக்கு முன்னமே ஏற்பாடு முடியவேண்டும். சுட்டுக்கொண்ட கையோடு குழந்தைகள் அதிகமாக வந்து சேர்வது அப்போதுதான்.