உள்ளூர் மாடு விலை போகாது

2025 ஆகஸ்ட் முதல் தேதி காலித் ஜமில் இந்திய ஆண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். 2012இல் சாவியோ மெதெய்ரா விலகிய பின் அப்பொறுப்பை முழுமையாக ஏற்ற முதல் இந்தியர் அவர்தான். இருவருமே நடுக்கள ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளும் வெளிநாட்டவரின் காலம். நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 எனத் தோற்றதும், இந்தியரை நம்பினால் இப்படித்தான் என்ற பழைய பல்லவி மீண்டும் எழுந்தது. அந்தப் பல்லவியோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

எங்கள் நிலக்கோட்டைத் தோட்டங்களில் மலரும் மல்லிகைகூட மதுரை மல்லி என்ற பெயரில்தான் புகழ் பெறுகிறது. ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பிய பிறகே சில தமிழ் நாவல்களை நாம் தேடிப் படிக்கிறோம் அல்லவா? கால்பந்தில் மட்டும் வேறு நியாயம் எங்கிருந்து வரும்?

குவைத்தில் பிறந்த ஜமில், மகிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா அணிகளுக்கும் நாட்டுக்கும் ஆடியவர். 2009இல் ஆட்டத்தை விட்ட கையோடு மும்பை எஃப்.சி.யின் பயிற்சியாளரானார். அது பணவசதி குறைந்த அணி. ஏழு ஆண்டுகள் அதைத் தரமிறங்காமல் காத்தார். கோப்பை ஏதும் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. 2016இல் அவர் வெளியேறினார். அடுத்த பருவத்திலேயே அந்த அணி பட்டியலின் கடைசி இடத்துக்குப் போயிற்று. அதே பருவத்தில் அவர் ஏற்றிருந்த மிசோரத்தின் ஐசால் அணியோ முதலிடம் பிடித்தது. முந்தைய ஆண்டு தரமிறங்கி, கோவா அணிகள் விலகியதால் மட்டுமே மீண்டும் இடம்பெற்ற அணி அது. மோகன் பகானைவிட ஒரே புள்ளி அதிகம்: 37க்கு 36. வடகிழக்கிலிருந்து தேசிய லீக் பட்டம் வென்ற முதல் அணியும் அதுவே.

ஆயினும் ஐ.எஸ்.எல். அணி ஒன்று அவரை நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக்க 2021 அக்டோபர் வரை ஆயிற்று. அதுவும், நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியை இடைக்காலப் பொறுப்பில் அரையிறுதி வரை கொண்டுசென்ற பிறகே. அடுத்த பருவத்தில் அவ்வணி சரிந்ததையும் மறைப்பதற்கில்லை. அவருடைய ஆட்டமுறை அழகானது என்றும் நாங்கள் வாதிடமாட்டோம். பின்களத்தை இறுக்கி, கிடைக்கும் ஒரு வாய்ப்புக்குக் காத்திருக்கும் சிக்கனமான ஆட்டம் அது. வறிய அணிகளோடு வாழ்ந்தவரின் பழக்கம் என்றே தோன்றுகிறது.

தேசிய அணிக்கு வருவோம். மோகன் பகான் தன் வீரர்களை விடுவிக்க மறுத்த நிலையில், 2025 ஆகஸ்ட்-செப்டம்பரில் மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே வென்று, ஓமானைப் பெனால்டி உதைகளில் வீழ்த்தி, மூன்றாமிடம் பெற்றுத் தந்தார். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றை அவர் ஏற்றபோது இரண்டு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. ஐ.எஸ்.எல். எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் வீரர்கள் ஆட்டப் பழக்கமின்றி இருந்த காலம் அது. அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூருக்கு எதிராக முன்னிலை பெற்றும் 1-2 எனத் தோற்றது அவர் கணக்கிலேயே சேரட்டும். வாய்ப்பு அத்துடன் முடிந்துபோயிற்று.

ஆனால் கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக வேண்டாமா? இகோர் ஸ்டிமாச் 2019 முதல் 2024 வரை பயிற்சியாளராக இருந்தார். தெற்காசியக் கோப்பையை இரண்டு முறை வென்றார், மறுக்கவில்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் நம் அணி திரும்பியது. அதன் பின்னும் ஜூன் வரை அவர் பொறுப்பில் நீடித்தார். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்றுத்தந்தவர் ஹைதராபாத்தின் எஸ்.ஏ.ரஹீம் என்பது, பல்லவி பாடுகிறவர்களுக்கும் தெரிந்ததுதான்.