தோல்வியை விதைப்போர்

“இவ்வாண்டு தோற்றால் தோற்கட்டும், சேர். மூத்தவர்களை நிறுத்திவிட்டுச் சிறுவர்களை இறக்குவோம். மூன்றாம் ஆண்டில் வெல்லலாம்.”

பேசாலையில் மாலைநேர உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்தபின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எனக்குக் கூறிய ஆலோசனை இது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்திலிருந்து அவன் கற்ற பாடமாம். வேண்டுமென்றே தோற்பது இன்று அறிவுடைமை என்ற பெயரில் உலவுகின்றது. அதனை உரசிப் பார்ப்பது நம் கடமை.

அங்கு நிலவும் விதி விசித்திரமானது. கடைசியாக வரும் அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுவதில்லை. மாறாக, புதிய வீரர்களுள் முதல்வனைத் தெரிவு செய்யும் வாய்ப்பு, குலுக்கலில் கடைசி இடங்களில் வரும் அணிகளுக்கே அதிகமாக இருந்துவந்தது. நலிந்தோருக்குக் கைகொடுக்க வகுத்த விதியை நலிவை நடிப்போர் கைப்பற்றிக்கொண்டனர்.

2013இல் பிலடெல்பியா அணியின் நிர்வாகம் இதனையே கொள்கையாக்கிற்று. தேர்ந்த வீரர்கள் கைமாற்றப்பட்டனர். 82 ஆட்டங்கள் கொண்ட பருவங்கள் மூன்றில் அவ்வணி முறையே 19, 18, 10 ஆட்டங்களையே வென்றது. விளைந்தது யாது? எம்பீட் என்னும் பெருவீரர் கிடைத்தார், உண்மை. ஆயினும் 2025 வரை அவ்வணி இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாகக்கூட வரவில்லை!

குலுக்கலும் கைவிட்டது. 2019இல் திருத்தப்பட்ட விதி நடைமுறைக்கு வந்து, கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீத வாய்ப்பே வழங்கப்பட்டது. 2025இல் 65 ஆட்டங்களில் தோற்ற யூட்டா அணிக்குக் கிடைத்தது ஐந்தாம் தெரிவு. முதல் தெரிவோ, 1.8 சதவீத வாய்ப்பே பெற்றிருந்த டலஸ் அணிக்குச் சென்றது.

“ஒக்லஹோமா அணி தோற்றுத்தானே 2025இல் வாகை சூடியது?” என்பர். தோல்வியால் பெற்ற வீரர்களும் அங்கிருந்தனர், மறுக்கவில்லை. ஆனால் அதன் தலையாய வீரர் கில்ஜியஸ் அலெக்சாண்டர் 2019இல் வேறோர் அணியிலிருந்து பரிமாற்றத்தில் வந்தவர். தோல்விக்குக் கிடைத்த பரிசல்லர்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 2014 நத்தாரின்போது லெஸ்டர் உதைபந்தாட்ட அணி பட்டியலின் அடியிற் கிடந்தது. அங்கும் முதலாளி உண்டு. ஆனால் தோற்றால் கீழ்ப்பிரிவுதான். ஆகவே போராடித் தப்பியது. அடுத்த பருவத்தில், பிலடெல்பியா பத்தே ஆட்டங்களை வென்ற அதே பருவத்தில், லெஸ்டர் இங்கிலாந்தின் வாகையர் ஆயிற்று!

அப்படியாயின் தோல்வியால் இலாபமடைவோர் யார்? 2014இல் அக்கூடைப்பந்தாட்டத்தின் தொலைக்காட்சி உரிமை ஒன்பது பருவங்களுக்கு ஏறத்தாழ 2,400 கோடி டொலருக்கு விலைபோயிற்று. அப்பணத்தில் தோற்ற முதலாளிக்கும் வென்றவனுக்கும் சமபங்கு. நட்டம் யாருக்கு? நுழைவுச்சீட்டு வாங்கிய தொழிலாளிக்கு. சில ஆண்டுகளே விளையாட வாய்ப்புள்ள சாதாரண வீரனுக்கு. பொறுமை என்று போற்றப்படுவது பிறர் வாழ்நாளைச் செலவிடும் பொறுமை.

நண்பர்களே, இந்நியாயம் விளையாட்டோடு நிற்பதன்று. சித்தி வீதம் உயர வேண்டுமென்று பின்தங்கிய பிள்ளையைப் பரீட்சைக்கு அமராதே என்று தடுப்பதும் இதே நியாயந்தான். நாளைய பட்டியலுக்காக இன்றைய மனிதன் பலியாகின்றான்.

அம்மாணவனிடம் ஒன்றே கேட்டேன்: “உன்னோடு படிக்கும் மூத்தவர்கள் அடுத்த ஆண்டு எங்கே இருப்பார்கள்?” சிலர் கடலுக்குப் போவார்கள்; சிலர் கொழும்புக்கு. அவர்களுக்கு மூன்றாம் ஆண்டு என்று ஒன்றில்லை. அவன் விடை கூறவில்லை.

மறுநாள் மூத்தவரும் இளையவரும் கலந்தே ஆடினார்கள். தோற்க நேர்ந்தால் தோற்போம், தோற்பதற்காக ஆடோம்.