நங்கூரம் பாய்ச்ச யாரைக் கேட்பது?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் ஒரு வலசை தொடங்குகிறது. செசபீக் விரிகுடாவிலும் அதற்கு வடக்கிலும் கோடையைக் கழித்த படகுகள், குளிர் வந்து சேர்வதற்குள் ஃபுளோரிடாவுக்குக் கிளம்புகின்றன. பெரும்பாலும் 30 முதல் 45 அடி நீளமுள்ள பாய்மரப் படகுகளும் டீசல் படகுகளும். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே. ஓட்டுபவர்களில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதியர். வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியேறியவர்களும் அவர்களில் உண்டு. இவர்கள் போகும் பாதைக்கு இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று பெயர். வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் பூஜ்யத்தில் தொடங்கும் மைல் கணக்கு, மயாமியை எட்டும்போது சுமார் 1,090 ஆகிவிடும். ஆறுகளையும் காயல்களையும் கழிமுகங்களையும் வெட்டிய கால்வாய்களால் இணைத்து, பக்கிங்ஹாம் கால்வாயைப் போலக் கடலை ஒட்டியே ஓடும் நீர்வழி இது. அட்லாண்டிக்கின் அலைக்குள் போகாமலேயே அதன் ஓரமாகத் தெற்கே இறங்கிவிடலாம். இப்படிப் போகிறவர்களுக்கு ஒவ்வோர் இரவும் வேண்டியது நங்கூரம் பாய்ச்ச ஓர் இடம், அவ்வளவுதான். அந்த இடத்தைத்தான் ஃபுளோரிடாவும் ஜார்ஜியாவும் சில ஆண்டுகளாகச் சட்டம் போட்டுச் சுருக்கி வருகின்றன. சொல்லப்படும் காரணங்களில் உண்மை இருக்கிறது. தேர்ந்தெடுத்த வழி தவறு என்பதே என் கட்சி.

இந்தப் படகுகளின் வேகம் மணிக்கு 6 கடல் மைல்தான். பகல் முழுவதும் ஓடினாலும் ஐம்பது மைல் தேறினால் பெரிது. வழியில் தூக்கு பாலங்கள் உண்டு. ரேடியோவில் பாலத்தின் காவலரை அழைத்து, அவர் திறக்கும்வரை ஓடையிலேயே வட்டமடிக்க வேண்டும். தூக்காத பாலங்கள் பொதுவாக 65 அடி உயரம். மயாமிக்கு அருகே ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடியில் நின்றுவிட்டது. உயரமான பாய்மரம் உள்ளவர்கள் அந்த இடத்தில் கடலுக்குள் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். வடபகுதியில் 12 அடி ஆழம் இருக்க வேண்டும் என்பது அரசுக் கணக்கு. மணல் அந்தக் கணக்கை மதிப்பதில்லை; தூர்வாரும் பணமும் எல்லா இடத்துக்கும் போதுவதில்லை. இருட்டில் இந்த வழியில் ஓடுவது தரை தட்டுவதற்கான நேர்வழி. எனவே பொழுது சாய்வதற்குள் ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்குவதும் சுலபமில்லை. ஜார்ஜியாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏழெட்டு அடி மாறுகிறது. ஏற்றத்தின்போது 18 அடி ஆழம் வரும் என்றால், படகின் முன்தள உயரமான 4 அடியையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 110 அடி சங்கிலி விட வேண்டும். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி நங்கூரம் சேற்றைக் கவ்விவிட்டதா என்று பார்த்து, கரையிலுள்ள இரண்டு மரங்களைக் குறி வைத்துக்கொண்டு, மேலே வெள்ளை விளக்கு ஏற்ற வேண்டும். சுமார் ஆறு மணி நேரத்தில் நீரோட்டம் திசை மாறும். படகு நங்கூரத்தைச் சுற்றி மறுபக்கம் போய் நிற்கும். அத்தனை வட்டத்துக்கும் இடம் வேண்டும். கிடைத்த மூலையில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கரையிலிருந்து சொல்பவர்கள் இதை அறியாதவர்கள்.

அந்த நீர் யாருடையது? ஃபுளோரிடாவின் அரசமைப்புச் சட்டம் (பிரிவு 10, உட்பிரிவு 11) இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. படகு செல்லத்தக்க நீருக்கு அடியிலுள்ள நிலம், மக்கள் அனைவருக்குமாக மாநிலம் அறங்காவலராக வைத்திருக்கும் சொத்து. கரையில் பல லட்சம் டாலர் கொடுத்து வீடு வாங்கியவரின் மனை கரையோடு முடிகிறது. ஜன்னலுக்கு எதிரே தெரியும் தண்ணீர் பத்திரத்தில் இல்லை. ஆனால் மயாமி பீச்சின் சன்செட் லேக்கில் நடந்ததைப் பாருங்கள். வீடுகளுக்கு எதிரே படகுகள் தங்குவது பிடிக்காத ஒரு வீட்டுக்காரர், சின்னஞ்சிறு பாய்ப்படகுகளை நீரில் கட்டி மிதக்கவிட்டு நங்கூரம் போடும் இடத்தை அடைத்தார். இந்தக் கூத்து நாளிதழ்கள்வரை வந்தது. 2016-இல் மாநிலச் சட்டமன்றம் நங்கூரக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவித்தபோது அந்தப் பட்டியலில் சன்செட் லேக் இருந்தது. பிஸ்கேன் விரிகுடாவில் பணக்காரத் தீவுகளுக்கு இடைப்பட்ட சில துண்டுகளும், பிரோவர்டு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) மிடில் ரிவரின் ஒரு பகுதியும் இருந்தன. 

அந்தச் சட்டத்தின் விதியைக் கவனித்தால் நோக்கம் புரிந்துவிடும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து, உதிக்க அரை மணி நேரம் இருக்கும்வரை அங்கே நங்கூரம் பாய்ச்சக் கூடாது. பகலில் நிற்கலாம். எஞ்சின் பழுது, புயல் போன்ற நெருக்கடிக்கு விலக்கு உண்டு. நீரை அசுத்தம் செய்யும் படகு பகலிலும்தான் அசுத்தம் செய்யும். கைவிடப்பட்ட படகு பொழுது விடிந்ததும் எழுந்து போய்விடாது. இரவுத் தடை பிடிப்பது உள்ளே ஆள் தூங்கும் படகை மட்டுமே, அதாவது மறுநாள் காலை தானாகவே கிளம்பிவிடக்கூடிய படகை. இதற்கு மாறாக 2021-இல் வந்த திருத்தம் நியாயமானது. கவுண்டிகள் அறிவிக்கும் பகுதியில் ஆறு மாதத்துக்குள் தொடர்ந்து 45 நாளுக்கு மேல் ஒரு படகு நிற்கக் கூடாது. அத்தகைய பகுதிகளின் மொத்தப் பரப்பு அந்தக் கவுண்டியின் நீர்வழிகளில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. போகிற படகையும் போகாத படகையும் இந்த விதி பிரித்துப் பார்க்கிறது. எனக்கு அதில் மறுப்பு இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் கைவிடப்பட்ட படகுகள்தான். ஃபுளோரிடாவில் பதிவான படகுகள் சுமார் 10 லட்சம். அவற்றில் சில, உரிமையாளர் இறந்தோ கடனாளியாகியோ அலுத்தோ போனதும் அப்படியே நங்கூரத்தில் மக்கிப் போகின்றன. கண்ணாடியிழைப் படகு மரத்தைப்போல இற்றுக் கரையாது. அதை உடைத்துக் குப்பைக்கு அனுப்புவதற்கும் பணம் வேண்டும். 2017-இல் இர்மா புயலும் 2022-இல் இயன் புயலும் வந்தபோது நங்கூரம் அறுத்துக்கொண்டு ஓடிய படகுகள் கரையையும் பாலத்தையும் அடுத்தவர் படகையும் மோதின. அகற்றும் செலவு பொதுமக்கள் தலையில் விழுகிறது. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இந்த நோய்க்கு மருந்து ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பது, நங்கூரம் நழுவுவது, எஞ்சின் ஓடாதது போன்ற அறிகுறிகளைக் கொண்டு, ஒரு படகு சிதிலமாவதற்கு முன்பே அபராதம் விதிக்கலாம். வேண்டாத படகை உரிமையாளர் தானே ஒப்படைக்கும் திட்டமும் வந்திருக்கிறது. ஒழுங்காக ஓடும் படகில் குடியிருப்பவர் கசிவை அன்றே பார்த்து அடைப்பவர். சிதிலப் படகுக்கும் அவருக்கும் முடிச்சுப் போடுவதில் அர்த்தமில்லை. ஓடாத படகில் வாழ்பவர்களும் இருக்கிறார்கள்தான். அவர்கள் விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

அடுத்தது கழிவு. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத மலநீரை விடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். படகில் தொட்டி வைத்துச் சேர்த்து, உறிஞ்சும் நிலையத்தில் காலி செய்ய வேண்டும். இதை ஏய்ப்பவர்கள் உண்டு, பிடித்துத் தண்டியுங்கள். ஆனால் காயல்கள் சீர்கெட்டதற்கான பழியை இவர்கள்மீது சுமத்துவது கணக்குக்கு ஒத்து வராது. இந்த நீர்வழியின் ஒரு பகுதியான இந்தியன் ரிவர் காயலில் கடற்புல் அழிந்ததால், நம் மன்னார் வளைகுடா ஆவுளியாவின் உறவினமான மானட்டிகள் பட்டினியால் செத்தன. 2021-இல் மட்டும் ஃபுளோரிடா முழுவதிலும் 1,100 மானட்டிகள் மாண்டன. அது அம்மாநிலம் கண்டிராத எண்ணிக்கை. புல் அழிந்ததற்கு விஞ்ஞானிகள் காட்டும் முதன்மைக் காரணங்கள் வீடுகளின் செப்டிக் தொட்டிக் கசிவு, புல்வெளிக்கும் வயலுக்கும் போடும் உரம், மழைநீரோடு வரும் நகரக் கழிவு. எல்லாமே கரையிலிருந்து இறங்குபவை. படகு விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று மனுப் போடும் கரைவாசிகளின் புல்வெளியும் அந்தக் கணக்கில் சேரும்.

சும்மா தங்குகிறார்கள், மரினாவுக்கு, அதாவது கட்டணம் வாங்கிப் படகு நிறுத்தவிடும் துறைக்கு, பணம் கட்டிப் போகட்டுமே என்பார்கள். மரினாவில் கட்டணம் படகின் நீளத்தை வைத்து. அடிக்கு 3 டாலர் என்றே வைத்துக்கொண்டாலும் 35 அடிப் படகுக்கு ஓர் இரவுக்கு 105 டாலர். மாதக் கணக்கில் பயணம் போகிறவர்களில் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? நிலத்தில் வாடகை கட்ட முடியாமல் பழைய படகொன்றை வாங்கி அதில் வாழும் ஹோட்டல் ஊழியர்களும் கொத்தனார்களும் கீ வெஸ்ட் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். எஞ்சின் ஓடாத படகு பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுடையதே. அவர்கள் படகை விட்டு இறங்கினால் போய்ச்சேர வீடு கிடையாது. அவர்களைத் துரத்தியபின் மிஞ்சும் ஆளில்லாப் படகுதான் அடுத்த சிதிலப் படகு. ஜார்ஜியாவின் கதை வேறு மாதிரி. 2020-இல் திருத்திய சட்டப்படி, இரவில் மரினாவிலிருந்து 300 அடிக்குள்ளும் தனியார் ஜெட்டி முதலியவற்றிலிருந்து 150 அடிக்குள்ளும் நங்கூரம் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் தன் கொல்லையிலிருந்து ஆற்றுக்குள் புதிதாக ஒரு ஜெட்டி கட்டினால், அதன் நுனியைச் சுற்றிய வட்டத்தில் பாதியைக் கரைக்கு விட்டாலும் முக்கால் ஏக்கருக்கும் மேல் பொதுநீர் இரவில் அடைபட்டுவிடும். குறுகிய ஓடையை அகலம் முழுவதும் அடைக்க எதிரெதிரே இரண்டு ஜெட்டிகள் போதும்.

படகு வீடா, வீடு படகா என்ற கேள்வியையும் அதிகாரிகள் வசதிக்குத் தக்கபடி திருப்பிக்கொள்கிறார்கள். ஃபுளோரிடாவில் பயணப் படகுகளின் நங்கூரத்தை உள்ளூர் நிர்வாகங்கள் நினைத்தபடி கட்டுப்படுத்த முடியாது. குடியிருப்புப் படகு என்று வகைப்படுத்திவிட்டால் முடியும். ரிவியரா பீச் நகரம் இதைத் தலைகீழாகச் செய்தது. அங்கு மரினாவில் மிதந்த ஃபேன் லோஸ்மேனின் வீடு 60 அடிக்கு 12 அடி ஒட்டுப்பலகைக் கட்டடம். சுக்கான் கிடையாது, எஞ்சின் கிடையாது, ஜன்னல்கள் சாதாரண வீட்டு ஜன்னல்கள். சுமார் 3,000 டாலர் கட்டண பாக்கியைச் சொல்லி, 2009-இல் நகரம் அதைக் கப்பல் என்று வாதிட்டுக் கடல்சார் சட்டத்தின்கீழ் பறிமுதல் செய்தது. ஏலத்தில் தானே எடுத்து உடைத்தும் போட்டது. 2013 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், இது கப்பலே இல்லை என்று தீர்ப்பளித்தது. லோஸ்மேன் வென்றார். வீடு அதற்கு முன்பே விறகாகிவிட்டது.

நல்ல முறை எங்கோ கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஃபுளோரிடாவிலேயே நடக்கிறது. மாரத்தான் நகரம் பூட் கீ துறைமுகத்தில் 200-க்கும் மேற்பட்ட மிதவைகளைக் கடலடியில் நிலையாகப் பொருத்தி, படகுகளைக் குறைந்த கட்டணத்தில் அவற்றில் கட்டிக்கொள்ள விடுகிறது. குளியலறை உண்டு, துணி துவைக்க இயந்திரம் உண்டு, கழிவை உறிஞ்சும் படகு நங்கூரத் துறைக்கே வருகிறது. மிதவையில் கட்டிய படகு சங்கிலியை இழுத்துக் கடற்புல்லைச் சிராய்ப்பதும் இல்லை. உறிஞ்சும் நிலையங்கள் கட்ட 1992-ஆம் ஆண்டின் தூய கப்பல் சட்டம் கூட்டாட்சி நிதி தருகிறது. சட்டமன்றங்கள் இரவுத் தடையை விலக்கிக்கொண்டு, 45 நாள் விதியையும் கழிவுச் சட்டத்தையும் கண்டிப்பாக நடத்தட்டும். இனி எந்த நீர்ப்பரப்பையாவது மூட விரும்பும் கவுண்டி, அதன் அருகிலேயே மிதவைகளையும் ஓர் உறிஞ்சும் படகையும் முதலில் ஏற்பாடு செய்துவிட்டு மனுவோடு வரட்டும்.