சாந்தினி சௌக்

தில்லிச் செங்கோட்டையின் லாகூர் வாயிலுக்கு எதிரே தொடங்கி ஃபத்தேபுரி மசூதி வரை செல்லும் வீதி சாந்தினி சௌக். ஷாஜகான் எழுப்பிய நகரில் அவர் மகள் ஜகனாரா 1650-ஆம் ஆண்டளவில் இதனை அமைத்தார். நடுவே கால்வாய் ஓடியது. இடையே குளம் ஒன்று இருந்தது. அக்குளத்தில் நிலவொளி தவழ்ந்தமையால் வீதி இப்பெயர் பெற்றது என்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் குளம் மறைந்து, அவ்விடத்தில் மணிக்கூண்டு எழுந்தது. அதன் ஒரு பகுதியும் 1951-இல் இடிந்து விழுந்தது.

இன்று அங்கே நிலவைத் தேடுவார் இலர். தரீபாவில் வெள்ளி நகை, கினாரி பஜாரில் சரிகை, காரி பாவ்லியில் மிளகாயும் மஞ்சளும் என ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு சரக்குக்குப் பேர்பெற்றது. காரி பாவ்லியைத் தும்மாமல் கடப்பவர் அரியர். மூட்டை சுமப்போரும் கைவண்டி இழுப்போரும் வழி கேட்டுக் கூவிக்கொண்டே செல்கின்றனர்.

இந்நெரிசலைக் காண்போர் சிலர், அங்காடியையே நகருக்கு வெளியே அகற்றிவிடலாம் என்பர். கூட்டம் வேறு, குழப்பம் வேறு என்பதை அவர்கள் எண்ணவில்லை. ஒரே சரக்கை விற்போர் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதனாலன்றோ, வாங்குவோர் நான்கு கடை ஏறி இறங்கி விலையும் தரமும் ஒப்பிட முடிகிறது! கூட்டம் போனால் அங்காடியும் போய்விடும்.

குழப்பத்தின் வேர் வேறிடத்தில் உள்ளது. ஹவேலி எனப்படும் பழைய மாளிகைகள் பலவற்றில் குடும்பங்கள் வெளியேறச் சரக்குகள் குடியேறின. பேகம் சும்ருவின் மாளிகையாயிருந்த பாகீரத் பேலஸ், மின்பொருள்களின் மொத்த அங்காடியாக மாறியது. 2022 நவம்பரில் அங்கே மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்து, பல கடைகளை அழித்தது. சந்துகள் குறுகலாதலின் தீயணைப்போர் நெருங்க இயலாமல் தவித்தனர். தீப்பற்றக்கூடிய சரக்கை அடுக்கடுக்காய்க் குவிப்பதும், தலைக்கு மேல் மின்கம்பிகளைத் தோரணமாய்த் தொங்கவிடுவதும் கூட்டத்தின் குற்றமா?

2021-இல் பெருவீதி செப்பனிடப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகள் அங்கே தடுக்கப்பட்டன. நல்ல செயலே, ஆயினும் ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள பெருவீதியோடு அது நின்றுவிட்டது. முதலிற் கவனிக்க வேண்டியவை சந்துகளே. கடைகள் இருக்கட்டும், கிடங்குகள் வெளியேறட்டும். அப்போது மூட்டை சுமப்பவர் பிழைப்பு என்னாகும் எனின், அவ்வினா தள்ளத்தக்கதன்று. அன்றன்று விற்கும் சரக்கு அன்றன்று வந்தாக வேண்டும். சந்துக்குள் அதனைக் கொண்டு சேர்க்க அவர் தலையும் தோளுமே வேண்டும்.